பைக்குள் ஒரே பேனா: தினமும் கூட வரும் பேனாவைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாசலில் பார்சல் கொண்டுவந்தவர் நிற்கிறார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அட்டையில் செருகிய தாள். "இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்தேன். எழுதவில்லை. தாளின் ஓரத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றினேன். தாளில் பள்ளம் விழுந்ததே ஒழிய மை வரவில்லை. அவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பல்லால் கடித்துத் துப்பிய பேனா, கிளிப்பும் உடைந்திருந்தது. ஆனால் முதல் இழுப்பிலேயே எழுதியது.

என் கையில் இருந்தது பரிசாக வந்த, பெயர் பொறித்த, பளபளக்கும் உலோகப் பேனா. பல வருடம் சுமந்திருக்கிறேன். உள்ளே இருந்த ரீஃபிலை ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

அன்றைக்குத்தான் உறைத்தது: எழுதுவது ரீஃபில், உடம்பு அதைச் சுமக்கும் கூடு. கடைக்குப் போனால் நாம் கூட்டைத்தான் பார்க்கிறோம். கீழே சொல்லப்போகும் வரிசை அதைத் தலைகீழாக்குகிறது. முதலில் உங்கள் எழுத்து, அடுத்து மை, அடுத்து முனை, கடைசியில்தான் உடம்பு.

படி 1: ஒரு வாரம் உங்களையே வேவு பாருங்கள்

புதுப் பேனா எதுவும் வாங்காதீர்கள். ஒரு துண்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேனாவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் குறியுங்கள்: எதன் மேல் எழுதினீர்கள், நின்றா உட்கார்ந்தா, எத்தனை வரி, எழுதி முடித்ததும் தாளை உடனே மடித்தீர்களா.

நான் எழுதிப் பார்த்த வாரத்தில் 23 முறை பேனா வெளியே வந்தது. அதில் 14 முறை நின்றபடி. கவரின் பின்பக்கம், உள்ளங்கை, பில்லின் வழுவழுப்பான தாள், ஒரு மாத்திரை அட்டை. ஒரு பக்கத்தைத் தாண்டி எழுதியது ஒரே ஒரு முறை. "பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான், எனக்கு மைப்பேனாதான் சரி" என்று அதுவரை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டுத் தாள் வேறு கதை சொன்னது.

வகுப்பில் மணிக்கணக்கில் குறிப்பெடுப்பவருக்கும், நாள் முழுக்க ரசீது எழுதுபவருக்கும், வாரத்துக்கு நாலு கையெழுத்துப் போடுபவருக்கும் ஒரே பேனா பிடிக்காது. நீங்கள் இதில் யார் என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: மையை முடிவு செய்யுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பாதிப் பேர் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது.

பால்பாயிண்ட் மை எண்ணெய் சேர்ந்தது, கெட்டியானது. ஹங்கேரியின் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ, அச்சு மை சட்டென்று காய்வதைப் பார்த்து அப்படி ஒரு மையைப் பேனாவுக்குள் கொண்டுவர நினைத்தார். அவ்வளவு கெட்டி மை நிப்பு வழியாக இறங்காது. அதனால் நுனியில் ஒரு குட்டி உருண்டையை வைத்தார். அது உருள உருள உள்ளிருக்கும் மையை வெளியே தடவும். 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைக்கு அந்த உருண்டை பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள்.

பையில் கிடக்கும் பேனாவுக்கு இந்த மை நல்ல தோழன். மூடாமல் விட்டாலும் லேசில் உலராது, வெயிலில் அலைந்தாலும் பெரிதாகக் கசியாது, பில் தாளிலும் எழுதும். கார்பன் வைத்து நகலெடுக்கும் புத்தகத்தில் எழுத வேண்டுமானால் வேறு வழியே இல்லை, இதைத்தான் அழுத்த முடியும். குறை என்ன? அந்த அழுத்தமேதான். இரண்டு பக்கம் எழுதினால் கை கடுக்கும். கோடு சற்று வெளிறும். முனையில் அவ்வப்போது மைக்கட்டி சேர்ந்து, ஏதோ ஒரு எழுத்தின் வாலில் பொட்டு வைத்துவிட்டுப் போகும். பல வருடம் தொடாமல் கிடந்தால் என் பேனா மாதிரி மை இறுகியும் போகும்.

ஜெல் மை தண்ணீர் கலந்தது. சும்மா இருக்கும்போது கூழ் போல நிற்கும், உருண்டை உருளும்போது மட்டும் இளகி ஓடும். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நல்ல கறுப்பு, நல்ல நீலம். அழுத்தவே வேண்டாம், தாளில் வைத்து இழுத்தால் போதும். ஆனால் காய நேரம் கேட்கும். வழுவழுப்பான தாளில் எழுதிவிட்டு உடனே மடித்தால், விரித்துப் பார்க்கும்போது எதிர்ப்பக்கத்தில் உங்கள் கையெழுத்து கண்ணாடிப் பிம்பமாக நிற்கும். தண்ணீராகவும் செலவாகும். பால்பாயிண்ட் ரீஃபில் ஒன்று தீரும் காலத்தில் ஜெல் ரீஃபில் இரண்டு மூன்று காலியாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. எண்ணெய் மைதான், ஆனால் பிசுபிசுப்பைக் குறைத்து இளக்கியிருப்பார்கள். மிட்சுபிஷி பென்சில் நிறுவனத்தின் யூனி ஜெட்ஸ்ட்ரீம் பேனா 2006-ல் ஜப்பானில் வந்து இதைப் பிரபலமாக்கியது. இப்போது பல நிறுவனங்கள் இதே பாணியில் செய்கின்றன. பால்பாயிண்டின் பொறுப்பு, ஜெல்லின் வழுக்கல், இரண்டிலும் முக்கால் பங்கு கிடைக்கும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

ரோலர்பால் என்பது ஜெல்லைவிட நீர்த்த மை. காகிதத்தில் சறுக்கிக்கொண்டு போகும், மட்டமான தாளில் ஊறிப் பரவும். மூடி போட மறந்தால் காயும். மேசைக்குச் சரி.

மைப்பேனாவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் சுருக்கமாக. 1884-ல் அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பின் அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை: மை கீழே இறங்க, அதே பாதையில் காற்று மேலே ஏறும். அந்தக் காற்றுதான் வில்லங்கம். விமானம் உயர ஏறும்போது அறையின் காற்றழுத்தம் குறைகிறது, பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிகிறது, மையை வெளியே தள்ளுகிறது. மூடியைத் திறந்தால் விரலெல்லாம் மை. (எடுத்துப் போயே ஆக வேண்டுமென்றால் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப்பு மேலே பார்க்க வையுங்கள்.) மூடியைத் திருகிக் கழற்றி, பின்னால் செருகி, நிப்பின் கோணம் பார்த்து எழுதுவதற்குள் வாசலில் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார். என் மேசையில் மூன்று மைப்பேனா உண்டு. பையில் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு வகையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஒன்று எச்சரிக்கைக்காக. பைலட் நிறுவனத்தின் ஃபிரிக்ஷன் போன்ற அழியும் மைப் பேனாக்களில் பின்பக்க ரப்பரால் தேய்த்தால் எழுத்து மறையும். மறைப்பது ரப்பரின் சூடு. ஏறத்தாழ 60 டிகிரியில் அந்த மை நிறமிழக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் நோட்டை விட்டு வந்தால் ஒரு மாதக் குறிப்பும் வெள்ளைத் தாளாகிவிடக்கூடும். உறைநிலைக்கும் கீழே நன்றாகக் குளிரவைத்தால் திரும்பி வரும் என்பது வேடிக்கையான ஆறுதல். கையெழுத்துக்கும் காசோலைக்கும் இதைத் தொடவே கூடாது.

இன்னொன்று, அழுத்தக் காற்று அடைத்த ரீஃபில். சாதாரண பால்பாயிண்டைத் தலைகீழாகப் பிடித்தோ சுவரில் தாளை ஒட்டியோ எழுதினால் சில வரிகளில் நின்றுவிடும். மை உருண்டையை விட்டுப் பின்வாங்கி, இடையில் காற்று புகுந்துவிடும். அமெரிக்கப் பேனா தயாரிப்பாளர் பால் ஃபிஷர் 1960-களில் ரீஃபிலுக்குள் நைட்ரஜனை அடைத்து இதற்கு வழி கண்டார். 1968-ல் அப்போலோ 7 விண்வெளி வீரர்கள் அந்தப் பேனாவைக் கொண்டுபோனார்கள். நாசா கோடிக்கணக்கில் கொட்டிப் பேனா செய்தது, ரஷ்யர்கள் பென்சிலோடு போனார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை பொய். ஃபிஷர் தன் சொந்தக் காசில் செய்தார், நாசா விலைக்கு வாங்கியது. ஏணியில் நின்று, மழையில், சுவரில் அட்டையை வைத்து எழுதும் வேலை என்றால் இந்த ரீஃபில் அருமை. மற்றவர்களுக்கு இது ஒரு பெருமை, அவ்வளவுதான்.

பணம், பத்திரம் சம்பந்தமாக அடிக்கடி எழுதுபவராக இருந்தால் ஜெல்லிலேயே நிறமித்துகள் கலந்த மையா என்று பாருங்கள். கரைந்த சாயத்தை ரசாயனத்தால் கழுவி எடுத்துவிட முடியும். துகள்கள் காகித நாரின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், எளிதில் கிளம்பாது.

படி 3: முனை அளவு. இங்கே தமிழ் எழுத்துக்குத் தனிக் கணக்கு

அட்டையில் 0.5, 0.7, 1.0 என்று போட்டிருப்பது மில்லிமீட்டரில் உருண்டையின் குறுக்களவு. தாளில் விழும் கோடு அதைவிட மெலிதாக இருக்கும்; 1.0 பால்பாயிண்டின் கோடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே அளவு உருண்டை ஜெல்லில் சற்றுத் தடித்தும் பால்பாயிண்டில் மெலிந்தும் எழுதும். ஆகவே "எனக்கு 0.7" என்று மொட்டையாக முடிவு செய்ய முடியாது. பால்பாயிண்டில் 0.7 பிடித்தவருக்கு ஜெல்லில் 0.5 பிடிக்கலாம்.

பேனா பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் எழுதுபவர்கள் எழுதியது. நம் எழுத்தின் பாடு அவர்களுக்கு இல்லை. ஆங்கிலத்தில் கோடுகள் அதிகம். நமக்கு எங்கு பார்த்தாலும் சுழி. ஒரு தாளை எடுத்து, நீங்கள் வழக்கமாக எழுதும் அளவிலேயே "கண்ணன் எண்ணினான்" என்று எழுதிப் பாருங்கள். ஜெல் 1.0-ல் எழுதினால் மூணு சுழி ண-வும் ரெண்டு சுழி ன-வும் உள்ளே மை அடைத்துக்கொண்டு ஒரே மாதிரி கரும்பொட்டாகத் தெரியும். ணை, னை, ஐ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வரித் தாளில் பொடியாக எழுதும் கை என்றால் ஜெல்லில் 0.5 அல்லது அதற்கும் கீழே, இளக்கிய எண்ணெய் மையில் 0.7 வரை. கொட்டை எழுத்துக்காரர்கள் ஒரு படி மேலே போகலாம்.

அடுத்தது புள்ளி. இதை நான் கண்டுகொள்ளவே பல காலம் ஆனது. உருண்டை உருண்டால்தான் மை இறங்கும். புள்ளி வைக்கும்போது நாம் பேனாவை இழுப்பதில்லை, ஒரு குத்துக் குத்துகிறோம். உருண்டை அசையாது. கெட்டி மை பால்பாயிண்டில் மூன்று புள்ளிக்கு ஒன்று தாளில் பள்ளமாக மட்டும் விழும். ஒரு முறை விடுப்புக் கடிதத்தில் "பல் வலி" என்று எழுதினேன். படித்தவர் "பல வலியா? என்னென்ன வலி?" என்று கேட்டார். பால்பாயிண்டிலேயே வளர்ந்த பலர் புள்ளியைக் குட்டி வட்டமாகவோ சின்னக் கீற்றாகவோ போடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டே விட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கருவி எழுத்தை மாற்றுவது புதிதில்லை.

ஆகவே புள்ளிச் சோதனை ஒன்று: "பல், கல், கண், மண், சொல், வாள்" என்று சாதாரண வேகத்தில் மூன்று நாலு முறை எழுதுங்கள். இருபது புள்ளியில் எத்தனை விழுந்தது என்று எண்ணுங்கள். ஜெல் அநேகமாக எல்லாவற்றையும் போடும். இளக்கிய எண்ணெய் மை ஒன்றிரண்டை விடும். மலிவுப் பால்பாயிண்ட் உங்களை அவமானப்படுத்தும்.

முனையின் உருவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஊசி போல நீண்ட முனை எழுதும் இடத்தைத் தெளிவாகக் காட்டும், ஆனால் கீழே விழுந்தால் வளையும். கூம்பு முனை கொஞ்சம் தாங்கும். எதுவானாலும் முனை தரையில் குத்தி விழுந்தால் உருண்டையைப் பிடித்திருக்கும் விளிம்பு நசுங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு பக்கம் சாய்த்தால் எழுதும், மறுபக்கம் சாய்த்தால் கீறும். அதைத் திருத்த முடியாது. ரீஃபிலை மாற்றுங்கள்.

இடது கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இடமிருந்து வலமாக எழுதும்போது உங்கள் கை எழுதியதன் மேலேயே நகர்ந்து போகிறது. சீக்கிரம் காயும் என்று போட்டிருக்கும் ஜெல் அல்லது எண்ணெய் மை, இரண்டில் ஒன்று. எழுதி மூன்று வினாடியில் சுண்டுவிரல் ஓரத்தால் தேய்த்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். விளம்பர வாசகத்தை நம்ப வேண்டாம்.

படி 4: அந்த ரீஃபில் நாளைக்கும் கிடைக்குமா?

இப்போது மையும் முனையும் தெரியும். உடம்பைப் பார்க்கும் முன் ரீஃபிலின் உருவத்தைப் பாருங்கள்.

1954-ல் பார்க்கர் ஜாட்டர் வந்தது. அதன் குண்டு ரீஃபில் காலப்போக்கில் பொது அளவாகவே ஆகிவிட்டது. நீளம் ஏறத்தாழ 98 மி.மீ.; சர்வதேசத் தர அளவில் இதன் பெயர் ஜி2. பல நிறுவனங்கள் இந்த அளவில் பால்பாயிண்ட், ஜெல், அழுத்த ரீஃபில் எல்லாம் செய்கின்றன. இந்த அளவை ஏற்கும் உடம்பை வாங்கினால் மையை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குழப்பம் ஒன்று உண்டு: பைலட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜெல் பேனாவின் பெயரும் ஜி2. அதன் ரீஃபில் வேறு அளவு, இதற்குள் போகாது. இணையத்தில் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, நுழையாத ரீஃபிலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

சின்னப் பேனாக்களிலும், நாலு நிறம் வரும் பேனாக்கள் சிலவற்றிலும் டி1 என்ற மெல்லிய குட்டி ரீஃபில் இருக்கும்: 67 மி.மீ. நீளம், 2.35 மி.மீ. தடிமன். மை கொஞ்சம்தான், சீக்கிரம் தீரும்.

வாங்க நினைக்கும் பேனாவைத் திருகித் திறந்து ரீஃபிலை வெளியே எடுங்கள். ஒளிபுகும் குழாய் என்றால் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஜெல் ரீஃபிலில் மைக்கு மேலே, திறந்த பக்கத்தில், கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் கட்டி நிற்கும். கொழகொழப்பான அடைப்பு அது. மை பின்பக்கமாக வழிந்துவிடாமலும் காயாமலும் அதுதான் காக்கிறது. மை குறையக் குறையப் பின்தொடர்ந்து இறங்கும். அந்தக் கட்டி உடைந்தோ, மைக்கு நடுவில் காற்றுக் குமிழ் தெரிந்தோ இருந்தால் அந்த ரீஃபில் பாதியில் நின்றுவிடும். தொடாதீர்கள்.

படி 5: இனி உடம்பு

கனம். கண்ணாடி போல ஒளிபுகும் அறுகோண பால்பாயிண்ட் பேனாவான பிக் கிறிஸ்டல் 1950-ல் வந்தது, எடை 6 கிராம் அளவில்தான். பித்தளைப் பேனாக்கள் 40 கிராமையும் தாண்டும். கையில் வாங்கியதும் கனமாக இருப்பது உயர்ந்தது என்று தோன்றும். மெல்லிய சட்டைப் பையில் போட்டுக் குனிந்து பாருங்கள், எது உயர்ந்தது என்று தெரியும். குறுகிய எழுத்துக்குக் கனம் ஒரு பொருட்டில்லை. பக்கக் கணக்கில் எழுதினால் மொத்த எடையைவிட அது எங்கே குவிகிறது என்பது முக்கியம். எழுதும் நிலையில் பிடித்துக்கொண்டு பெருவிரலைத் தளர்த்துங்கள். பின்பக்கம் சட்டென்று சாய்ந்தால் அது கையை இழுக்கும் பேனா.

தடிமன். எழுதும்போது ஆள்காட்டி விரல் நகத்தைப் பாருங்கள். நகத்தின் நுனி வெளுத்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். பேனா மெலிதாக இருக்கலாம், வழுக்கலாம், அல்லது மை அழுத்தம் கேட்கலாம். 10 முதல் 12 மி.மீ. தடிமன் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். ரப்பர் பிடி முதலில் சுகமாக இருக்கும். வியர்க்கும் கைகளில் ஓரிரு வருடத்தில் பிசுபிசுக்கும். வரி வரியாகக் கடைந்த பிளாஸ்டிக்கோ சொரசொரப்பான உலோகமோ எனக்குப் பிடிக்கும்.

மூடியா, டிக் டிக் பட்டனா? நின்றபடி எழுதுபவருக்குப் பட்டன்தான். ஒரே கையில் வேலை முடியும். ஆனால் இதை யோசித்திருக்கிறீர்களா? பையில் செருகும்போது மூடிப் பேனாவின் முனை மேலே பார்க்கும், ஏனென்றால் கிளிப் மூடியில் இருக்கிறது. பட்டன் பேனாவில் கிளிப் பட்டன் பக்கம் இருப்பதால் முனை கீழே பார்க்கும், நேராகப் பையின் அடித்துணியை. பட்டனை உள்ளே தட்ட மறந்து செருகினால் துணி மையை உறிஞ்சத் தொடங்கிவிடும். சட்டைப் பையின் அடியில் நாணய அளவில் நீல வட்டம் வந்த சட்டைகள் என்னிடம் இரண்டு இருந்தன. இப்போது வீட்டில் தூசி துடைக்கின்றன. கிளிப்பை மேலே இழுத்தால் முனை தானாக உள்ளே போகும் அமைப்பு சில பேனாக்களில் உண்டு. மறதிக்காரர்களுக்கு அது வரம்.

மூடிக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. யாராவது பேனா கேட்டால் மூடியைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுங்கள். மூடியில்லாத பேனாவைப் பையில் செருக யாருக்கும் மனம் வராது. திரும்பி வந்துவிடும்.

(மூடியின் உச்சியில் ஓட்டை எதற்கு என்று சின்ன வயதில் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். குழந்தை தவறி விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சுக் காற்று போய்வரத்தான். கடிக்கும் பழக்கமுள்ள பெரியவர்களுக்கும் பொருந்தும்.)

கிளிப். பிளாஸ்டிக் கிளிப் எப்போதும் அடியில்தான் முறியும். பெருவிரலால் மெதுவாகத் தூக்கிவிடுங்கள். திரும்பப் போய் ஒட்டிக்கொண்டால் நல்லது, இடைவெளி விட்டு நின்றால் ஒரு மாதத்தில் தளரும். ஜீன்ஸ் பைக்குள் செருகுபவர்கள் அந்தத் தடித்த தையலில் செருகிப் பார்த்தே வாங்க வேண்டும். பேண்ட் பையில் போட்டு அதன் மேலேயே உட்காரும் ஆள் என்றால் முழு நீளப் பேனா வேண்டாம், மூடியிருக்கும்போது 10 செ.மீ. அளவிலேயே அடங்கி, எழுதும்போது மூடியைப் பின்னால் செருகி நீட்டிக்கொள்ளும் குட்டிப் பேனாக்கள் இருக்கின்றன.

கடைசியாகக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுங்கள். கடகடவென்றால், எழுதும்போது முனையும் ஓட்டைக்குள் ஆடும். ஒவ்வொரு எழுத்திலும் சின்னதாக ஒரு தட்டல் கேட்கும். சிலருக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்தவருக்கு வேறெதுவும் கேட்காது.

படி 6: வாங்கும் இடத்தில்

கடை மேசையில் கிடக்கும் கிறுக்கல் தாள் பொய் சொல்லும். அடியில் கட்டாக நிறையத் தாள் மெத்தை போல இருக்கும், எந்தப் பேனாவும் அதில் வழுக்கும். நீங்கள் எழுதும் நோட்டையே எடுத்துப் போங்கள். படி 1-ல் பில் தாள் வந்திருந்தால் ஒரு பழைய பில்லையும்.

சுருள் சுருளாகக் கிறுக்காதீர்கள். வாழ்க்கையில் நாம் சுருள் எழுதுவதில்லை. கையெழுத்து, முகவரி, ஒரு கைபேசி எண், மேலே சொன்ன சுழி வரி, புள்ளி வரி. பிறகு நோட்டை உள்ளங்கையில் வைத்து நின்றபடி அதையே மறுபடி. மூன்று நிமிடம் ஆகும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நிறத்தில் குழம்ப வேண்டாம். கையெழுத்துக்கு நீலம் வசதி, அசலும் நகலும் பார்த்ததும் தெரியும். ஸ்கேன் செய்வது அதிகம் என்றால் கறுப்பு.

படி 7: இரண்டு வாரம், ஒரே பேனா

நல்லதாகத் தோன்றிய மூன்றை வாங்கி மூன்றையும் பையில் போட்டால் எதுவும் தெரியாது. ஒன்றோடு மட்டும் இரண்டு வாரம் இருங்கள். வீட்டிலிருக்கும் மற்றப் பேனாக்களைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

எழுதும்போது கிடைக்கும் சுகத்தைவிட எரிச்சல்களைக் குறியுங்கள். இரண்டு நாள் தொடாமல் இருந்துவிட்டு எடுத்தபோது முதல் எழுத்து விழுந்ததா? பையிலிருந்து எடுக்கும்போது துணி மாட்டியதா? கூட்டத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து பக்கத்திலிருப்பவர் முறைத்தாரா? எனக்கு ஒரு பேனா எல்லாச் சோதனையிலும் தேறியது, பட்டன் சத்தத்தில் தோற்றது. யோசிக்கும்போது என் பெருவிரல் சும்மா இருக்காது. திருகினால் முனை வரும் வகைக்கு மாறிக்கொண்டேன், வீட்டில் அமைதி திரும்பியது.

இரண்டு வாரம் கழித்து, வேண்டுமென்றே அதை வீட்டில் விட்டுவிட்டு ஒரு நாள் வெளியே போங்கள். கை தானாகப் பையைத் தடவினால் பேனா அமைந்துவிட்டது. தடவவில்லை என்றால் அடுத்த பேனாவோடு இன்னொரு இரண்டு வாரம்.

அமைந்த பிறகு

எழுதாமல் அடம்பிடிக்கும் பால்பாயிண்டைத் தாளில் தேய்த்துப் பள்ளம் போடாதீர்கள். செருப்பின் ரப்பர் அடியில் நாலு இழுப்பு இழுத்தால் உருண்டை பிடிப்பு கிடைத்துச் சுழலும். அதற்கும் மசியாவிட்டால் முனையை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்துத் துடையுங்கள். நெருப்புக் காட்டுவது வேண்டாம், குழாய் உருகிவிடும். ஜெல் நின்றுபோனால் பெரும்பாலும் முனையில் காற்று. பழைய தெர்மாமீட்டரை உதறுவது போல, முனை வெளிப்பக்கம் பார்க்க, நாலு உதறு. சுவரையும் மனிதர்களையும் விட்டுத் தள்ளி நின்று.

துணியில் மை பட்டால் தேய்க்காதீர்கள், பரவும். அடியில் பழந்துணி வைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பால்பாயிண்ட் கறை பெரும்பாலும் கிளம்பும். நிறமித்துகள் ஜெல் கிளம்பாது. காசோலையில் எது நன்மையோ அதுவே சட்டையில் கெடுதல்.

உபரி ரீஃபில் இரண்டு வாங்கி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்; மைக்கும் வயதாகும். புது ரீஃபில் போடும் நாளில் சின்ன ஒட்டுத்தாளில் தேதி எழுதிக் குழாயின் மேல் சுற்றிவிடுகிறேன். இப்போது பையில் இருப்பதில் "ஆகஸ்ட் 9" என்று இருக்கிறது. போன ரீஃபில் ஐந்து மாதம் வந்தது. அந்தக் கணக்குப்படி ஜனவரிக்கு முன்பே அடுத்ததை வாங்க வேண்டும் என்று நாட்குறிப்பில், அதே பேனாவால், எழுதி வைத்திருக்கிறேன்.